கை தூக்கினால் கச்சேரி நிற்கும்

மூன்று முறை அலசியும் என் பச்சைச் சேலையிலிருந்து நன்னாரி வாசம் போகவில்லை. எங்கள் கண்ணாடிப் பாத்திரக் கடையின் மொட்டை மாடிக் கொடியில் கிடக்கிறது. ஆரியசாலையின் எந்தச் சந்திலிருந்து கிளம்பினவோ, எறும்புகள் வரிசை பிடித்துச் சுவரேறி, கொடியேறி, முந்தானைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நீ இருந்திருந்தால், "இந்த வயசுல உன் பின்னாடி இத்தனை பேர் வர்றாளே, சந்தோஷப்படுடீ" என்றிருப்பாய். நீ இல்லாததால் அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு நானே சிரித்தேன். படியேறி வந்த என் தம்பி, தனியாக நின்று சிரிக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு, வந்த வேலையைக் கேட்காமலே இறங்கிப் போனான்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதுவரை உன்னோடு நான் பேசவில்லை. கோபம். நாலு நாள் காய்ச்சலில், ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போகிறவளெல்லாம் ஒரு தோழியா? அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் போன சனிக்கிழமை அரங்கத்தில் நடந்ததைப் பற்றி ஊரில் மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது ஒன்று. உன் படத்துக்கு முன்னாலேயே உன்னை அவமானப்படுத்தினேன் என்பது இன்னொன்று. மூன்றாவதை நான்தான் கிளப்பிவிட்டேன். அதில் நான் கொஞ்சம் அழகாக வருவேன். உனக்காவது நடந்தது நடந்தபடி தெரியவேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மூலையில், சத்தம் புகாத சின்ன அறைக்கு வெளியே உட்கார்ந்து பிள்ளைகளின் காதைச் சோதிப்பது உன் உத்தியோகம். பிள்ளை தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். நீ வெளியிலிருந்து ஒரு சத்தத்தை அனுப்புவாய். கேட்டால் பிள்ளை கையைத் தூக்கவேண்டும். கேட்கக் கேட்கத் தூக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்னக் கைகள் உயர்ந்து இறங்கிக்கொண்டிருந்ததைத்தான் இருபது வருடம் நீ பார்த்திருக்கிறாய்.

"கேட்டுதுன்னு சொல்லத்தான் அதுகள் கையைத் தூக்கறது. நான் ஒரு குறி போட்டுட்டு அடுத்த சத்தத்துக்குப் போயிடறேன். அந்தக் கைக்கு நான் ஒண்ணுமே பண்றதில்லடீ" என்று ஒரு நாள் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து நீ இப்படி ஏதாவது சொல்வாய், நான் ஏதாவது தின்றுகொண்டிருப்பேன். அன்றைக்கு முறுக்கு.

அடுத்த வாரம் ஒரு பென்சிலோடு எங்கள் கடைக்கு வந்தாய். கண்ணாடிக் கிண்ணங்கள் அடுக்கியிருந்த அலமாரியின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாய். மொத்தச் சரக்கு எடுக்க வந்த வியாபாரிகள் கையில் டீயோடு வேடிக்கை பார்த்தார்கள். என் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உன் ஃபிரண்டு வாங்க வந்தாங்களா, உடைக்க வந்தாங்களா?"

"நீங்க தட்டிப் பாக்காம தேங்காய் வாங்குவேளா தம்பி?" என்று திரும்பாமலே கேட்டாய்.

எட்டுக் கிண்ணம் கிடைக்க மத்தியானம் ஆனது. ஜலதரங்கத்துக்குப் பீங்கான் கிண்ணம்தானே வழக்கம் என்று எங்கேயோ கேட்ட ஞானத்தில் நான் கேட்டேன். "பீங்கான்ல தண்ணி தெரியாது. கடைசி வரிசையில இருக்கறதுக்கும் தண்ணி எங்க நிக்கறதுன்னு தெரியணும்" என்றாய். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகளுக்கு ஒரு கச்சேரி. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, கோட்டைக்குப் பக்கத்தில், இந்த மலையாள ஊரின் தமிழர் சங்கம் ஒன்றின் சின்ன அரங்கத்தில், ஒரு மணி நேரம். சத்தம் எப்படிப் பிறக்கிறது, எது கூடினால் எது குறைகிறது என்று வாசித்துக் காட்டி, சொல்லிக் காட்டி, தொட்டுப் பார்க்க விடுவது.

ஆட்களையும் நீயே பிடித்தாய். கடத்துக்கு முத்தையா. வார நாளெல்லாம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகள் சத்தத்துக்கு அவன் காது எப்போதோ மரத்துவிட்டது. புல்லாங்குழலுக்குக் கழக்கூட்டத்து சாப்ட்வேர் ஆபீஸ் பெண் ஒருத்தி. நெடுஞ்சாலை நெரிசலைத் திட்டிக்கொண்டே வந்து, அதே மூச்சில் அமிர்தவர்ஷிணி வாசிப்பாள். அறிவிப்பாளராக நான். என்னை ஏன் என்று கேட்டதற்கு, "உனக்கு சங்கீதம் தெரியாது, வாய் உண்டு. அறிவிக்கறவாளுக்கு ரெண்டும் வேணும்" என்றாய். இதைப் பாராட்டு என்று நினைத்து இரண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரே ஒரு விதிதான் வைத்தாய். எந்தப் பிள்ளை எப்போது கை தூக்கினாலும் கச்சேரி நிற்கும். பாட்டு முடியட்டும் என்பது கிடையாது. அப்போதே நிற்கும். கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே.

முத்தையா தலையைச் சொறிந்தான். "மேடம், தனி ஆவர்த்தனத்துக்கு நடுவுல கை தூக்கினா? கோர்வை பாதியில நின்னு போகுமே."

"நிக்கட்டும். ஸ்டாப்புல நிறுத்தின வேன் திரும்பக் கிளம்பறதில்லையா?"

அவன் பிழைப்பே அதுதான்.

முதல் கச்சேரியில் நான் செய்த காரியத்தை நீ ஊர் பூராவும் சொல்லிச் சிரித்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. வெறும் தண்ணீர் பின் வரிசைக்குத் தெரியாது, கலர் வேண்டும் என்றாய். மை கலந்தால் கிண்ணத்தில் கறை ஏறும். மஞ்சள் கரைத்தால் அடியில் தங்கிவிடும். கண்ணாடி வியாபாரியின் மூளை என்ன செய்யும்? எது கழுவினால் போகும் என்று மட்டும்தான் யோசிக்கும். பக்கத்து சர்பத் கடையில் நன்னாரிப் பாகு ஒரு பாட்டில் வாங்கி எட்டுக் கிண்ணத்திலும் கலந்துவிட்டேன். அருமையான செம்பழுப்பு நிறம். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் எட்டு விளக்கு ஏற்றி வைத்ததுபோல இருந்தது. என்ன கலந்தேன் என்று நான் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ஏப்ரல் மாத வெயில். மின்விசிறி இரண்டு. பிள்ளைகள் நூற்றுக்கு மேல்.

சிவப்பு நிக்கர் போட்ட ஒரு பையனை மேடைக்குக் கூப்பிட்டு, ‘ம’ வைத்திருந்த கிண்ணத்தைத் தட்டச் சொன்னாய். தட்டினான். குனிந்தான். மோந்து பார்த்தான். இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி ஒரே மடக்கில் பாதியைக் குடித்தான்.

மூன்றாம் வரிசையிலிருந்து அவன் அம்மா எழுந்து, "டேய், துப்புடா, துப்பு. அது பாட்டுக்கு வச்சது" என்றாள். நான் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். உண்மையாகவே ஒளிந்துகொண்டேன், திரைக்குக் கீழே என் கால் தெரிந்ததாகப் பிறகு சொன்னாய். பையன் யாரையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தான், குச்சியால் மறுபடி தட்டினான், பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி, குடிச்சா சத்தம் மேல போகுது."

நீ அவனை ஒரு முறை பார்த்தாய், கிண்ணத்தை ஒரு முறை பார்த்தாய். தண்ணீர் குறைந்தால் சுரம் ஏறும் என்று விளக்குவதற்கு நீ ஒரு படமும் நாலு பக்கக் குறிப்பும் தயாரித்து வைத்திருந்தாய்.

"இன்னொரு வாய் குடி" என்றாய்.

குடித்தான். தட்டினான். சுரம் இன்னும் ஏறியது. அரங்கமே ஆ என்றது. அவ்வளவுதான்; அவன் தங்கை "அவனுக்கு மட்டும் கொடுத்தீங்க" என்று அழுதுகொண்டே மேடைக்கு ஓடிவந்து ‘நி’யைக் காலி செய்தாள். நீ இரண்டு கிண்ணத்தையும் எடுத்து ஓரமாக வைத்தாய். மைக்கைப் பிடுங்கி, "இப்ப ரெண்டு சுரம் இவா வயித்துக்குள்ள இருக்கு. மிச்சத்தை வெச்சுண்டு ஒண்ணும் பண்ணமுடியாதுன்னுதானே நினைக்கறேள்? கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வாசித்தாய். ச, ரி, க, ப, த, மேல் ச. வேறொன்றுமில்லை. மோகன ராகம் கண்ணாடியிலிருந்து எழுந்து வந்தது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள். அந்தக் குழந்தைகள் ஆயுசுக்கும் மோகனத்தில் ‘ம’வும் ‘நி’யும் கிடையாது என்பதை மறக்கமாட்டார்கள், குடித்தது யார் என்றுகூடச் சொல்வார்கள்.

சிந்திய நன்னாரிக்கு எறும்பு வந்தது தனிக் கதை. அன்று சாயங்காலம் அதே மேடையில் இலக்கியக் கூட்டம். சங்கச் செயலாளர் வரவேற்புரை சொல்ல எழுந்தார். எப்போதும் கையில் ஒரு சால்வைப் பொட்டலத்தோடு யாருக்குப் போர்த்தலாம் என்று அலைகிறவர் என்பதால் அவருக்குப் ‘பொன்னாடை’ என்று பெயர் வைத்தது நீதான். இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவது வாக்கியத்தில் வேட்டியை உதறினார். நாலாவதில் ஒற்றைக் காலில் நின்றார். பொன்னாடைக்கும் நமக்கும் உள்ள பகை அந்த எறும்பில் தொடங்கியது என்று நான் சொல்வேன். நீ ஒத்துக்கொள்ளமாட்டாய். நல்ல மனுஷன், அரங்கத்தில் பல்பு போனால் தானே ஏணி போட்டு மாற்றுகிறவர் என்பாய். அதுவும் உண்மைதான். நல்ல மனுஷர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

அவருக்குப் பொறுக்காதது பிள்ளைகள் கை தூக்குவது. "கச்சேரின்னா ஒரு அடக்கம் வேண்டாமா? நல்ல சதஸ்ல பழகவேண்டிய பிள்ளைங்க. அல்லே?" என்று மலையாளம் கலந்த தமிழில் மாதா மாதம் வந்து சொல்வார். அப்பா அம்மாக்களிலும் பாதிப் பேர் அவர் கட்சி. கை உயரும்போதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பெரிய கை வந்து அதை அமுக்கும். "மிண்டாதிரி" என்று ஒரு குரல் மலையாளத்தில் அடக்கும், "சும்மா இரு" என்று இன்னொன்று தமிழில் அடக்கும். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழிக்கும் சண்டையே கிடையாது. நீ மேடையிலிருந்து, "அந்தக் கையை விடுங்கோ சார்" என்பாய். அது வணக்கம் சொல்கிற குரல் இல்லை.

கேள்விகள் என்றால் அப்படி இப்படி இல்லை. கடத்துக்கு ஏன் தொப்பை? புல்லாங்குழலுக்குள் யார் இருக்கிறார்கள்? முத்தையா அண்ணன் ஏன் வாசிக்கும்போது நாக்கைத் துருத்துகிறார்? மூன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாய். தெரியாததைத் தெரியாது என்றாய். ஒரு நாள் ஒரே உருப்படி பதினொரு முறை நின்றது. முத்தையா பன்னிரண்டாவது முறை தொடங்கும்போது கியர் மாற்றுவதுபோல ஒரு சைகை செய்தான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மூன்றாம் மாதம் நடந்ததை. ஓரத்து சீட்டில் ஒரு பெண் குழந்தை, காதுக்குப் பின்னால் மெஷின். புல்லாங்குழல் நடுவில் கை தூக்கினாள். நிறுத்தினோம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கையை இறக்கவும் இல்லை. நான் மைக்கை வைத்துக்கொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். பொன்னாடை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நீ மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு, "கேட்டுதா?" என்றாய். தலையை ஆட்டினாள். "சரி" என்றாய். கச்சேரி தொடர்ந்தது.

உள்ளே வந்ததும் டம்ளரில் தண்ணீர் எடுத்தாய், குடிக்காமல் கீழே வைத்தாய். "போன மாசம் என் ரூமுக்கு வந்த குழந்தைடீ அது. ரெண்டு மணி நேரம் கையைத் தூக்கித் தூக்கி இறக்கித்து. இன்னிக்குத்தான் அது தூக்கினதுக்கு எதிர்ல ஏதோ ஒண்ணு நின்னுது" என்றாய். நான் அன்றைக்கு ஒன்றும் தின்றுகொண்டிருக்கவில்லை. அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

இனி இப்போது நடந்தது.

நீ போன பிறகு கச்சேரி நின்றுபோனது. போன மாதம் பொன்னாடை ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். உன் பெயரில் ‘மௌன இசை அஞ்சலி’. மேலே உன் படம். ஆஸ்பத்திரி அடையாள அட்டையிலிருந்து எடுத்தது, யாரோ உன்னைத் திருடி என்று சொன்னதுபோல நீ முறைக்கிற படம். கீழே, ‘குழந்தைகள் கைகட்டி அமைதி காக்கும்படி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.’

நான் பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

"இது அச்சாயிப் போச்சு அம்மா. கேட்டோ, இதுல ஒரு தப்பும் இல்ல. அவங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும். வழக்கமான கூத்து ஒரு தடவை வேண்டாம்."

"கூத்தைத்தான் அவ நடத்தினா. அதை எடுத்துட்டா அஞ்சலி யாருக்கு சார்?"

அவர் சால்வைப் பொட்டலத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "கமிட்டி தீருமானம் இதுதான். மரியாதையா நடந்தா மாசா மாசம் உங்களுக்கு ஹால் உண்டு. பழையபடி கையும் காலும் தூக்கினா, இரண்டாம் சனிக்கிழமை வேற ஆளுக்குப் போகும்."

கச்சேரி மிச்சமிருப்பதும் போவதும் அந்த ஒரு மணி நேரத்தில் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மைக் யார் கையில் என்று மட்டும் கேட்டேன். "நீங்கதானே எப்பவும்" என்றார் பாவம்.

கிண்ணம் வாசிக்க ஆள் இல்லை. முத்தையா என்னைப் பார்த்தான். குழல்காரி என்னைப் பார்த்தாள். மூன்று வாரம் கடை மாடியில் பழகினேன். எட்டுக் கிண்ணம் என் கைக்கு அடங்கவில்லை. எதைத் தட்டினாலும் பக்கத்தில் இருப்பதுதான் பேசியது. "அக்கா, ஆறே போதும். மோகனமே இருக்கட்டும். ரெண்டை யாரோ குடிச்சிட்டாங்கன்னு வச்சுக்குங்க" என்றான் முத்தையா. நன்னாரியும் வாங்கினேன், இந்த முறை தெரிந்தே.

போன சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, மாலை, நீ முறைக்கிற படம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் உன்னைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். உன்னை அவர் பார்த்ததே இல்லை. நீ அடக்கத்தின் உருவமாம். எனக்கு இருமல் வந்தது. முத்தையாவுக்கும் வந்தது. குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு, மடியில் ஏறிய தம்பி தங்கைகளைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பொன்னாடை மைக்குக்கு வந்து எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்தார். ஒரு நிமிடம் மௌனம்.

பாதி நிமிடம்கூட ஆகியிருக்காது. நாலாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஆறு வயது இருக்கும், இரட்டைச் சடை. பக்கத்திலிருந்து பெரிய கை வந்து அமுக்கியது. மறுபடி உயர்ந்தது.

ஓரத்திலிருந்து பொன்னாடை என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். முத்தையா கடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உன் படத்தைப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தேன். வாசிப்பது எதுவாக இருந்தாலும் நிற்கும் என்றுதானே விதி. இப்போது வாசித்துக்கொண்டிருந்தது மௌனம். அதையும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தாவிட்டால், பிள்ளைகளுக்கு நாம் சொன்ன விதி பெரியவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்துக்கு மட்டும்தான் என்றாகிவிடும்.

நான் மைக்குக்குப் போனேன். "மௌனத்தை நிறுத்துங்க. ஒரு கை வந்திருக்கு. சொல்லும்மா."

"இந்தப் பாட்டு எப்போ தீரும்?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னேன், "தீர்ந்துபோச்சு. நீ நிறுத்திட்ட."

உடனே இன்னொரு கை, ஒரு பையன். "கிண்ணம் வாசிக்கிற ஆன்ட்டி எங்க?"

மேடையில் பேசின அத்தனை பேரும் நீ மறைந்தாய், பிரிந்தாய், காலமானாய் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு நீ எங்கேயோ ஒளிந்திருப்பதுபோல் தோன்றியிருக்கும். நான் சொன்னேன், "செத்துப்போயிட்டாங்க. காய்ச்சல் வந்து செத்துப்போயிட்டாங்க. இனி வரமாட்டாங்க." அதிகாரி தொண்டையைச் செருமினார். ஒரு அம்மா குழந்தையின் காதைப் பொத்தினாள். அந்தப் பையன் மட்டும், எதையோ சரிபார்த்துக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினான்.

பின் வரிசையிலிருந்து, உயரமாக வளர்ந்துவிட்ட ஒரு பெண். காதுக்குப் பின்னால் மெஷின். எனக்கு அவளைத் தெரிந்தது. இந்த முறை அவளிடம் கேள்வி இருந்தது.

"அப்போ இனி நாங்க கை தூக்கினா யாரு நிறுத்துவா?"

"நான்" என்றேன். அவ்வளவு சுருக்கமாக என் வாழ்க்கையில் நான் எதற்கும் பதில் சொன்னதில்லை.

பிறகு உட்கார்ந்து வாசித்தோம். நான் வாசித்தது சங்கீதமா என்று கேட்காதே. ‘க’வை அடிக்கப் போய் இரண்டு தடவை ‘ரி’யை அடித்தேன். ஒரு வாண்டு கை தூக்கி, "அது தப்பு" என்றான். "தப்புதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தொடங்கினேன். ஒன்பது முறை நின்றது. நாலு பிள்ளைகள் மேடையேறிக் குடித்தார்கள். ஒருத்தி என் மடியில் மீதியைக் கொட்டினாள். உன் படத்துக்கு எதிரே இரண்டு கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் சண்டை போட்டார்கள். அவமானம் என்று சொல்கிறார்களே, அது இதுதான்.

புதன்கிழமை பொன்னாடை கடிதத்தோடு தானே வந்தார். தபாலில் அனுப்பாமல் வந்தாரே என்று டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் சனிக்கிழமை ஒரு நடனப் பள்ளிக்குப் போய்விட்டது. நான் எழுதிக்கொடுத்தால், அதாவது பிள்ளைகள் இனி கை கட்டி இருப்பார்கள் என்று எழுதிக்கொடுத்தால், கமிட்டியிடம் அவர் பேசிப் பார்ப்பாராம்.

"ஒரே ஒரு நிமிஷம் அம்மா. அவங்களுக்காக ஒரு நிமிஷம்தான் கேட்டேன். அதைத் தரலியே நீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் மனம் மாறவில்லை.

"சார், இந்தப் பிள்ளைங்களைப் பேசாம நிறுத்தி வைக்க வகுப்பு இருக்கு, வேன் இருக்கு, கல்யாண மண்டபம் இருக்கு, வீடு இருக்கு. அவ கொடுத்தது மாசத்துல ஒரு மணி நேரம். அதுலயும் ஒரு நிமிஷத்தை வெட்டி அவளுக்கே மாலையாப் போடணும்னா நான் எப்படி சார் சம்மதிப்பேன்? எழுதித் தரமாட்டேன்."

"அப்போ கச்சேரி?"

"நடக்கும்."

"எங்க?"

அதை நான் அதுவரை யோசித்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பின்னால் எங்கள் கிடங்குதான் இருந்தது. "இங்க" என்றேன். கல்லாவில் இருந்த என் தம்பி எழுந்தே நின்றுவிட்டான்.

அவன் மூன்று நாளாக என்னோடு பேசுவதெல்லாம் ஒரே கேள்விதான். "கண்ணாடிக் கிடங்குல நூறு பிள்ளையா? உடைஞ்சா?"

"உடைஞ்சா, என்ன சுரத்துல உடைஞ்சதுன்னு ஏதாவது ஒண்ணு கை தூக்கிக் கேக்கும்ல. பதிலைத் தயார் பண்ணி வச்சுக்கோ."

திட்டிக்கொண்டேதான் பெட்டிகளை மேல்பரணுக்கு ஏற்றுகிறான். முத்தையா வேனில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குவதாகச் சொல்லியிருக்கிறான். குழல்காரி, கழக்கூட்டத்திலிருந்து ஆரியசாலை வரை வருகிற தூரம் அரங்கத்துக்கு வருகிற தூரம்தான், திட்டுவதில் ஒன்றும் குறையாது என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். தரையில் விரிக்க, சரக்கோடு வந்த வைக்கோலே போதும். தூசி இருக்கும், தும்மல் வரும். தும்முவதற்கும் நிறுத்துவோம்.

ஒன்று மட்டும் உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன். உன் மாதிரி வாசிக்க எனக்கு வராது, வரப்போவதும் இல்லை. தண்ணீரின் அளவைக் கண்ணால் பார்த்துச் சுரம் சொல்ல எனக்குத் தெரியாது. உன்னிடமிருந்து எனக்கு மிச்சமானது கையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது. எங்கே போனாலும், பேச்சு நடுவில், வியாபார நடுவில், யாருடைய குடும்பக் கதையையாவது சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நடுவில்கூட, ஓரத்தில் ஒரு சின்னக் கை அசைந்தால் என் தலை தானாகத் திரும்பிவிடுகிறது; வாய் நின்றுவிடுகிறது. முப்பது வருடமாக யாராலும் நிறுத்த முடியாத வாய் என்று உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குவேன். அறிவிப்பு ஒரே வரிதான், நீ சொன்ன விதி. மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.